மீன் இறங்கவில்லை

“பயப்படாதே கண்ணு. ஊசி இல்ல, மருந்து இல்ல. அடிவயித்தைத் தளர்த்தினா திரையில இருக்கிற இந்த மீன் தண்ணிக்குள்ள இறங்கும், அவ்வளவுதான்” என்றாள், ஆஸ்பத்திரியில் சிறுநீர் கழிக்கப் பயிற்சி கொடுக்கும் ஜில்டிஸ்.

ஏழு வயது நூர்பெரியின் வயிற்றில் ஒயர்கள் ஒட்டியிருந்தன. குடிக்கச் சொன்ன தண்ணீர் உள்ளே முட்டியது. திரையில் மீன் மேலேயே விறைத்து நின்றது.

“கிட்னி போயிடுச்சா? ஸ்கூல் விட்டு வர்ற வழியிலேயே தினமும் உடுப்பை நனைச்சிடறா.” அம்மா சிர்கா சாக்பீஸ் தூசி படிந்த கையால் மகளின் முதுகைத் தட்டினாள். “நேரா உட்காரு, நூர்பெரி!”

“நீங்க கொஞ்சம் வெளிய இருங்கக்கா.”

கதவு மூடியதும் ஜில்டிஸ் கேட்டாள். “ஸ்கூல்ல பாத்ரூம் போவியா?”

“மாட்டேன். இடைவேளையில என் முறை வர்றதுக்குள்ள மணி அடிச்சிடும். வகுப்புல டீச்சர் விட மாட்டாங்க.” நூர்பெரி கதவைப் பார்த்துக்கொண்டே கிசுகிசுத்தாள். “ஒரு பையன் கேட்டான். போர்டுகிட்ட நிக்க வச்சாங்க. அங்கேயே ஒண்ணுக்குப் போயிட்டான். எல்லாரும் சிரிச்சாங்க.”

“அடிப்பாவி! உனக்கு ஒரு வியாதியும் இல்ல. அடக்கி அடக்கி, தசைக்கு விடவே மறந்துபோச்சு. இரு, அந்த டீச்சரை உங்கம்மாவை விட்டு நாலு கேள்வி கேக்கச் சொல்றேன்.”

“ஐயோ, வேணாம்!”

“ஏன், உங்கம்மாவுக்கும் அவங்ககிட்ட பயமா?” சிரித்தபடியே கதவைத் திறந்தாள் ஜில்டிஸ்.

அம்மா உள்ளே நுழைந்ததுதான் தாமதம். நூர்பெரி விறைப்பாக எழுந்து நின்றாள். ஒயர்கள் பிய்ந்து தொங்கின. அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி வலது கையை உயர்த்தினாள்.

“டீச்சர், நான் வெளிய போகலாமா?”