சொராய்தா வீட்டு ஏற்றம்

"உள்ளதைச் சொல்லு நிவால்தோ. வண்டி தானா நிக்குதா, இல்ல இந்த மனுஷன் நிறுத்துறானா?"

மெக்கானிக் நிவால்தோ கையைத் துடைத்துக்கொண்டு ஒடாலிஸைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்ற அவள் புருஷன், டாக்சிக்கார ரெமிகியோவையும் பார்த்தான்.

"எங்க நிக்குது?"

"வேற எங்க? சொராய்தா வீட்டு வாசல்ல!"

நிவால்தோ விசிலடித்தான். சந்தியாகோ நகரத்தில் சொராய்தா தன் வீட்டு ஜன்னலில் விற்கும் காபியைக் குடிக்காத டாக்சிக்காரன் கிடையாது. காபி சுமார்தான். ஜன்னலில் நிற்பவள்தான் பிரமாதம்.

"காலையில குதிரை மாதிரி ஓடுது. ஒரு மாசமா, சாயங்காலம் வீடு திரும்பும்போது மட்டும், டாண்ணு அவ வீட்டு முன்னால இருமிக்கிட்டு நிக்குது. அரை மணி கழிச்சுச் சமத்தா கிளம்புது. எழுபது வயசுக் காருக்குப் பொம்பளை ஆசை வருமா?"

"கோப்ரே மாதா சத்தியமா நான் நிறுத்தலை, தங்கமே" என்றான் ரெமிகியோ.

"மாதாவை ஏன் வம்புக்கு இழுக்கிற? ஸ்டியரிங்கைத் தவிர எதையாவது தொட்டிருக்கியா நீ? ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துறதுகூட நான்தானே!"

ஒடாலிஸ் சந்தையில் பூண்டு விற்பவள். உரிக்காமலே எத்தனை பல் சொத்தை என்று சொல்லிவிடுவாள். புருஷனின் துணிமணியை மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அவன் சொன்னது பொய்யென்றால் மூட்டை தெருவுக்கு. இருபது வருஷக் குடித்தனம் அத்தோடு சரி. சாட்சி ஒன்றும் அவள் கைப்பைக்குள் இருந்தது. அதை அவனிடம் இன்னும் காட்டவில்லை. துருப்புச் சீட்டைக் கடைசியில்தானே இறக்கவேண்டும்?

நாள் முழுக்க ஓடிய சூடு ஆறாத வண்டியை நிவால்தோவே ஓட்டினான். ஒடாலிஸ் பக்கத்தில். ரெமிகியோ பின் சீட்டில், கைதி மாதிரி.

துறைமுகம்வரை போய்த் திரும்பினார்கள். வண்டி ஒரு முனகல்கூட முனகவில்லை. ஒடாலிஸின் கை பையின் வாயைத் திறந்தது.

ஏற்றம் ஆரம்பித்தது. பாதி ஏறியதும் இஞ்சின் இருமியது, திக்கியது, அடங்கிப்போனது. வலப்பக்கம் பார்த்தால் சொராய்தாவின் ஜன்னல்!

"வா என் உசிரே, காபி ஆறுது!" என்று குரல் வந்தது. ஒடாலிஸைப் பார்த்ததும், "அட, நீயும் வா என் உசிரே!" அந்தப் பக்கம் போன தபால்காரக் கிழவரும் அவளுக்கு உசிர்தான்.

நிவால்தோ பானெட்டைத் தூக்கி, பெட்ரோல் குழாயைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். ஈரத்துணியைக் குழாயில் சுற்றினான். சற்று நேரத்தில் வண்டி உயிர் பிழைத்தது.

"இவன் மேல தப்பே இல்ல, ஒடாலிஸ். இஞ்சின் சூட்டுல குழாய்க்குள்ள இருக்கிற பெட்ரோல் ஆவியாயிடுது. அப்புறம் இஞ்சின் எதைக் குடிச்சு ஓடும்? நாள் முழுக்க ஓடின சூட்டோட இந்த ஏற்றத்துல ஏறினா, பாதியில தம் போயிடுது. அந்தப் பாதியில அவ வீடு இருக்கிறது இவன் தலையெழுத்து."

ஒடாலிஸுக்கு ஒரு மாதத்து மூச்சு மொத்தமாக வெளியே வந்தது. புருஷனின் பிடறியில் செல்லமாக ஒன்று வைத்தாள்.

"மடையா! நிஜமாவே நிக்குதுன்னு அழுத்திச் சொல்றதுக்கு என்ன?"

"தினமும் சொன்னேனே, தங்கமே!"

"மூட்டையைப் பிரிச்சுடறேன். ராத்திரி உனக்குப் பன்றிக்கறி."

நிவால்தோ பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை.

"ஒண்ணுதான் புரியலை. போன கோடையில, இவன் சாப்பிடப் போயிருந்தப்பவே இதுக்கு வைத்தியம் பண்ணிட்டேன். குழாய் நெடுக எட்டு மரக் கிளிப் மாட்டிவிட்டேன். துணி காயப்போடுற கிளிப்தான், மரம் சூட்டை வாங்கிக்கும். இத்தனை நாள் நல்லாத்தானே ஓடிச்சு! எந்தக் களவாணி கழட்டினான்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? காபி ஆறுது, வாங்க!" என்று ஒடாலிஸே முந்திக்கொண்டு சொராய்தாவின் ஜன்னலை நோக்கி நடந்தாள்.

'எவ வீட்டுக் கொடியில இருந்துடா வந்தது?' என்று கேட்டுப் புருஷன் முகத்தில் விட்டெறிவதற்காக, போன மாதம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவள் பிடுங்கி வைத்த எட்டு மரக் கிளிப்புகளும், இறுக்கி மூடிய கைப்பைக்குள் நடைக்கு நடை கடகடத்தன.