ஆறாவது ஜோடி

பர்மாவின் யாங்கூன் நகரில், எங்கள் தெருவில் சோதனைக்கு வரும் சிப்பாய்கள் முதலில் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவார்கள். பிறகுதான் வீட்டில் தங்குவோரின் பட்டியலைப் பார்ப்பார்கள். அதில் பதியாத ஆள் உள்ளே இருந்தால் வீட்டுக்காரரையும் சேர்த்து வண்டியில் ஏற்றுவார்கள். போன மழைக்காலத்தில் என் வாசலில் ஒரு ஜோடி கூடுதலாகக் கிடப்பதை விரல் நீட்டிக் காட்டியவர் எதிர்வீட்டு வார்டுத் தலைவர் ஊ தௌங். ராணுவத்துக்குப் பயந்து ஒளிந்திருந்த என் மகன் ஸார்னியை வெறுங்காலோடு இழுத்துப் போனார்கள். என்னை மூன்றாம் நாள் விட்டார்கள். ஏழாம் நாள் அவன் சாம்பலைத் தந்தார்கள். அன்றே அவன் செருப்பையும் அடுப்பில் போட்டு எரித்தேன்.

இன்று காலை ஊ தௌங்கின் வாசலில் ஆறு ஜோடி இருந்தன. அந்த வீட்டில் ஐந்து பேர்தான். ஆறாவது ஜோடியின் அறுந்த வாரில் நான் போட்ட சிவப்பு நூல் தையல் அப்படியே இருந்தது.

"என்ன தலைவரே, விருந்தாளியா? பதியலையே?" என்றார் சோதனைக்கு வந்த சார்ஜன்ட்.

"யாருமில்லீங்க. தூக்கித் தூக்கி எறியறேன், திரும்பத் திரும்ப வருது!"

"செருப்பு தானா நடந்து வருதாக்கும்!"

சிப்பாய்கள் சிரித்தார்கள். ஊ தௌங் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "மியா அக்கா, இது உங்க பையனோடதுதானே? சொல்லுங்கக்கா. அவன்தான் செத்துட்டானே!"

ஆமாம் என்ற சொல் வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாதுங்க. நேத்து சாயங்காலம் யாரோ உள்ள போனாங்க."

அவரையும் வெறுங்காலோடுதான் ஏற்றினார்கள்.

மாலையில் அந்தச் செருப்பு, சிப்பாய்கள் தங்கியிருக்கும் பள்ளிக்கூட வாசலில் கிடந்தது. நான் இரண்டு பேருக்குச் சோறு வடித்தேன். ஸார்னியை இன்னும் கூப்பிடவில்லை. வேலையை முடித்துவிட்டு வரட்டும்.