பாரை மீனின் முள்

மாத்தளைச் சந்தையின் தகரக் கூரை ஓட்டைவழி விழும் காலை வெயிலில், ஐஸ்மேல் கிடக்கும் பாரை மீன் பளபளக்கிறது. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் வேலை செய்யும் நிலக்ஷி குனிந்து பார்க்கிறாள். வலை பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. "நானா, இது டைனமைட் போட்டுப் புடிச்சதா?" மீன்கடை ஜமால்தீன் நானாவின் கத்தி நிற்கிறது. "லொறியில வந்தது மிஸ், எனக்கே தெரியாது. வெடின்னா உள்ள முள்ளு நொறுங்கியிருக்கும்." "வெட்டிப் பார்ப்பமா?" மீனைப் பிளக்கிறார். இருவர் தலைகளும் ஒன்றாகக் குனிகின்றன. அவருடைய கட்டைவிரல் முதுகுமுள்ளின்மேல் மெல்ல நகர்கிறது. மூன்று இடத்தில் உடைந்து, சுற்றிலும் ரத்தம் கறுத்திருக்கிறது. இன்னொன்றைப் பிளக்கிறார். அதுவும் அப்படியே. வரிசையில் நிற்பவர்கள் பார்த்திருக்க, மீன் பெட்டியை மூடிவிட்டு, லொறி அனுப்பும் மொத்த வியாபாரியைக் கைபேசியில் அழைக்கிறார். "தூண்டில் மீன் இருந்தா அனுப்புங்க. இல்லாட்டி லொறி இங்க நிக்க வேணாம்."