ஒன்றுவிட்ட தம்பி

"நான் அவன் புருஷன்" என்றார் தணிகாசலம். எழுபத்துமூன்று வயதில் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார். இப்படிப்பட்ட உறவைச் சட்டம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் முகுந்தன் கிடந்த தீவிர சிகிச்சைப் பிரிவின் பேசும் கதவு திறக்கவில்லை. வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே அனுமதி. வீட்டுக் கருவிகள் காலமெல்லாம் பதிந்துவைத்த பேச்சே அதற்குச் சான்று. கதவு அவருடைய இளமைக் குரலைப் போட்டுக்காட்டியது:

"முகுந்தனா? என் ஒன்றுவிட்ட தம்பி சார்."

"ஐயோ, அது வாடகைக்கு வீடு கிடைக்கணுமேன்னு சொன்னது!"

"ஆயிரத்து நானூறு தடவை சொல்லியிருக்கிறீர்கள், ஐயா. நோயாளியையே கேட்போம்" என்றது கதவு.

கண்ணாடிக்கு அப்பால் நர்ஸ் குனிந்தாள். "வெளியே நிக்கிறது யாருங்க?"

முகுந்தன் கண் திறந்து தணிகாசலத்தைப் பார்த்தார். பிறகு அந்த அந்நியப் பெண்ணைப் பார்த்தார். இந்தத் தடவையும் அவரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு சொன்னார்:

"எங்க அண்ணன்மா."