மேம்பாலத்து மைனா

எல்லாரும் சௌக்கியந்தானே? ராயபுரத்து ரோசலின் கதையைக் கேளுங்கள்.

கணவர் சேவியர் இறந்த பிறகும், "ரோசி, கதவத் தொறடி!" என்று அவர் குரலிலேயே பால்கனி மைனா தினமும் சாயங்காலம் கூப்பிட்டது. அவளும் போய்க் கதவைத் திறப்பாள். "இது இருக்கறப்ப போன்ல எதுக்கு?" என்று சொல்லி, அவர் பேசிவைத்த பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டாள்.

வீட்டெதிரே மேம்பாலம் வந்தது. வண்டி இரைச்சலை மீறிக் கேட்பதற்காக மைனா குரலின் சுருதியை உயர்த்தியது. அதைக் கேட்டு வளர்ந்த குஞ்சுகள் இன்னும் உயர்த்தின.

நேற்றும் ஒரு மைனா கூப்பிட்டது. ரோசலின் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, அப்பா கூப்புடுறாரே, போகலியா?" என்றாள் மகள்.

"அவரு இல்லடி. யாரோ கொழந்த கத்துது."

உங்கள் வீட்டு மைனா யார் குரலில் கூப்பிடுகிறது? இன்னும் அடையாளம் தெரிகிறதா? எழுதுங்கள்.