பகல் சோறு

"லாத்தா, சொன்னா கோவிச்சுக்கிறாதீக. ஒங்க மருமக பகல்ல சோறு திங்கிறா."

புதுமடத்தில் நோன்பு மாதம். பக்கத்து வீட்டு மாஷிதா மத்தியானமே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

தாஜுன்னிசா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "வீட்டுக்கு விலக்கா இருக்கும்."

"அது பன்னெண்டு நாளா போகும்? நான் எண்ணிக்கிட்டுத்தான இருக்கேன். தெனமும் ஜன்னல் வழியா சோத்துல ஊத்துன மீன் ஆணத்து வாசம் வருது. ஒங்க மகன் சஃபீரு துபாய் வெயில்ல நோன்போட கெடக்கான், இவளுக்கு வயிறு கேக்குது. ராமநாதபுரத்துக்குத் தனியாப் போயி ஸ்கேன் வேற எடுத்தாளாம்ல? நோயை மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாகளோ என்னமோ. தெருவே பேசுது."

தெரு பேசவில்லை. மாஷிதா பேசினால் தெரு கேட்கும், அவ்வளவுதான்.

"நம்பலைன்னா அவ ரூம் கதவைத் தட்டிப் பாருங்க. கையும் களவுமா சிக்குனா இன்னைக்கே சஃபீருக்குப் போன் போட்டு, அவளை அத்தா வீட்டுக்கு அனுப்பிருங்க."

தாஜுன்னிசா எழுந்து போய்த் தட்டினாள். உள்ளே ஏதோ உருண்டது. மருமகள் ஜுவைரியா திறந்தாள். ஒட்டடைக்குச்சி உடம்பால் கட்டிலை மறைக்கப் பார்த்தாள். கட்டிலுக்கடியில் பாதித் தட்டுச் சோறு.

"பாத்தீகளா?" என்றாள் மாஷிதா.

தாஜுன்னிசா குனிந்து தட்டை எடுத்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு வாய் பிசைந்து போட்டு மென்று முழுங்கினாள்.

"இது என் தட்டு. சுகர் கூடிப்போச்சு, டாக்டரு நோன்பு வேணாம்னுட்டாரு. ஒங்களுக்கு வெக்கப்பட்டு மருமக ரூம்ல ஒளிஞ்சு திங்கிறேன். போதுமா?"

மாஷிதாவுக்கு முகம் தொங்கிவிட்டது. கிளம்பினாள். இனி சாயந்தரத்துக்குள் தெரு முழுக்க தாஜுன்னிசா பேச்சுத்தான்.

ஜுவைரியா அழுதேவிட்டாள். "ஒங்களுக்குச் சுகரே இல்லையே மாமி. என்னால ஒங்க நோன்பு போச்சே. கிட்னியில இருந்து வர்ற ரத்தக்குழாய் ரெண்டு பெரிய குழாய்க்கு நடுவுல நசுங்குதாம். ஒண்ணுக்குல ரத்தம் வருது. ஒடம்புல சதை வச்சாத்தான் நசுங்கல் விடுமாம், ஒரு வேளை கூடப் பட்டினி கெடக்கக் கூடாதுன்னாக. சொன்னா நோயாளின்னு திருப்பி அனுப்பிருவீகளோன்னு பயந்துட்டேன்."

"போனது ஒரு நோன்புதான. பெருநாள் கழிச்சு வச்சுக்கிருவேன்."

தட்டை அவள் மடியில் வைத்தாள் தாஜுன்னிசா.

"ஸ்கேன் சீட்டை அரிசி டின்னுல ஒளிச்சா மாமியா கண்ணுல படாதா? ஏம்மா, வீட்ல நாம ரெண்டே பேரு. ரெண்டு பேருமே நோன்புன்னா, பன்னெண்டு நாளா சட்டியில மத்தியானச் சோறும் ஆணமும் எப்படி மிஞ்சுச்சுன்னு நெனச்ச?"