காரணம் எழுதும் கட்டம்

வாருங்கள் தோழர்களே. இந்தக் கூடாரத்துக்குள் வந்து நில்லுங்கள். குளிரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒருத்திக்கு இழைக்கப்படுவதை நீங்கள் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

பதினைந்தாயிரம் அடி உயரம்.

அவள் கையில் ஒரு தாள்.

மலையேற்றச் சங்கத்தின் விலகல் படிவம். பெயரை எழுதிவிட்டார்கள். காரணத்தையும் எழுதிவிட்டார்கள்: ‘உயரம் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.’ கையொப்பம் மட்டும் அவளுடையதாக இருக்க வேண்டுமாம்.

நாளை உச்சிக்குப் புறப்பாடு. அவளுக்கு முதல் பெருமலை. இதற்காக ஈராண்டுகள் இருபது கிலோ மணலை முதுகில் கட்டிக்கொண்டு திருச்செங்கோட்டு மலைப்படிகளில் ஏறினாள். ஆயிரத்துச் சொச்சம் படிகள். ஒரு படிகூட அவளிடம் நாள் கேட்டதில்லை.

குழுத்தலைவர் ஞானமூர்த்தி கேட்டார்.

இல்லை, அவர் கேட்கவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது.

வெளியே கற்குவியலின் முன்னால் ஐந்து பனிக்கோடாரிகள் பூசைக்குச் சாத்தப்பட்டிருக்கின்றன. ஊரிலிருந்து சுமந்து வந்த தேங்காய் உறைந்து கல்லாகிவிட்டது. அடுப்பருகே வைத்து இளக்குகிறார்கள். பூசையில் வைக்காத கோடாரி மலையேறக் கூடாது. தீட்டானவளின் கோடாரி பூசைக்கே வரக் கூடாது. இது அந்தக் குழுவின் வழக்கம்.

“தப்பா நெனைக்காத கண்ணு. அஞ்சு பேரு உசுரு ஒரே கயித்துல தொங்குது. உனக்கு நாள் சரியில்லைன்னு பூங்கோதை வந்து சொல்லிட்டா. அதுக்கப்புறம் நான் கண்ண மூடிக்கிட்டு இருக்க முடியுமா?”

“காலையில என் ஆக்சிஜன் எவ்வளவுங்க சார்?”

“தொண்ணூத்தொண்ணு.”

“உங்களுது?”

அவர் தொப்பியைச் சரிசெய்தார்.

“எண்பத்திமூணு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “மொதல்ல சாரத்தான் கீழ எறக்கோணும்.”

சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் தங்கள் கயிற்றைச் சுருட்டப் போனார்கள்.

பூங்கோதை அவளுடன் ஒரே கூடாரத்தில் படுப்பவள். கயிற்றில் ஆறு பேருக்குத்தான் இடம், பூங்கோதை ஏழாமவள். யாராவது விலகினால் மட்டுமே அவளுக்கு மலை.

நேற்று மாலை பூங்கோதையிடம்தான் இவள் ஒரு நாப்கின் கேட்டாள். பூங்கோதை பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள்.

“எனக்கும் முந்தாநேத்துத்தான்க்கா ஆச்சு. நான் போய் யார்கிட்டச் சொல்லப்போறேன்?”

ஆறாவதாக இனிக் கற்குவியலில் சாத்தப்போவது அந்தப் பூங்கோதையின் கோடாரி.

ஒரு சொல் போதும். அதையும் வரிசையிலிருந்து எடுத்து வீசிவிடுவார்கள்.

சொல் நாக்கின் நுனிவரை வந்தது. கசந்தது. அதைச் சொன்னால் அவர்களுடைய சட்டத்துக்கு அவளே காவல் நின்றதாகும்.

விழுங்கினாள்.

அந்தக் குளிரில் பேனா எழுதாது. பென்சிலை எடுத்தாள். எழுதித் தந்த காரணத்தை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே, தன் கையால், எழுத்தெழுத்தாக எழுதினாள்:

‘மாதவிடாய். நான் நலமாக இருக்கிறேன். நான் விலகவில்லை, விலக்கினார்கள்.’

ஒருத்தியைப் பற்றி மட்டுமே எழுதினாள்.

கையொப்பமிட்டாள்.

அதன் கீழே சாட்சிக்கு ஓர் இடம். கூடாரத் துணை ஒப்பமிட வேண்டும் என்பது சங்கத்தின் விதி.

தாளைப் பூங்கோதையிடம் நீட்டினாள்.

பூங்கோதை படித்தாள். கையுறையைக் கழற்றினாள். பென்சிலை வாங்கினாள்.

எழுதவில்லை.

கீழே வைக்கவுமில்லை.

வெளியே தேங்காய் உடைகிற ஓசை.

தோழர்களே, அவள் எழுதுவாளா என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் பள்ளியில், உங்கள் ஆலையில், உங்கள் வீட்டுக் கூடத்தில் இதே தாள் ஒரு பெண்ணிடம் நீட்டப்படுகிறது. ‘உடல்நலக் குறைவு’ என்று அழகாக எழுதித் தருகிறார்கள். அந்த வரியை அடியுங்கள். நடந்ததை அவள் எழுதட்டும்.

கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். முழுப் பெயரை.